கைப்பேசிக் கேலியும் மாணவர் மனச்சோர்வும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

அறிவியல் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கைப்பேசியைப் போல் விரைவாகப் பட்டிதொட்டியெங்கும் பரவியது வேறொன்றில்லை எனலாம். நம் விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் மிளகாய் பறிக்கச் செல்வோர் மடியிலும், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கின்போது பள்ளிப் பாடம் கைப்பேசி வழியாகவே வந்தது. கடன் வாங்கியும், ஆட்டை விற்றும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தனர். படிப்பதற்காக வந்த அந்தக் கருவி, நம்மில் சிலர் படிப்பையே விட்டுவிடும் நிலைக்கும் காரணமாகிறது என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன்.

கைப்பேசி வழியாகச் செய்யப்படும் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும், மாணவரிடையே காணப்படும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதைத் தொடங்குமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இப்பொருளை நான் நூலகத்தில் தேடி எடுக்கவில்லை. நான் செய்த ஒரு தவறுதான் என்னை இதனிடம் கொண்டுவந்து சேர்த்தது.

நடந்தது என்ன?

முதலாமாண்டில் எங்கள் வகுப்பில் ஒரு நாள் மாணவர் கருத்தரங்கு நடந்தது. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த நண்பன் ஒருவன் கரும்பலகை முன் நின்று ஆங்கிலத்தில் பேச முயன்றான். பதற்றத்தில் 'தியரம்' என்ற சொல் அவன் வாயில் 'தேரம்' என்று வந்தது. ஒரு முறையன்று, நான்கு முறை. பின் இருக்கையிலிருந்த ஒருவர் அதைப் பத்து விநாடிப் படமாக எடுத்து, திரைப்பட நகைச்சுவை இசையையும் சேர்த்து, அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் அவன் முகம் ஸ்டிக்கராயிற்று. ஒரு வாரத்தில் அவன் பெயரே 'தேரம்' ஆயிற்று. பிற துறை மாணவர்களும் பேருந்து நிலையத்தில் அவனை அப்பெயரால் அழைத்தனர். அவன் குழுவைவிட்டு வெளியேறினான். யாரோ அவனை மீண்டும் சேர்த்தார்கள். சேர்ந்தவுடன் அந்த ஸ்டிக்கர் முப்பது முறை வந்து விழுந்தது.

சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அப்படத்தை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பியவனும் நானே. என் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான், அவனும் அவ்வாறே. என் ஆங்கிலமும் அவன் ஆங்கிலத்தைவிட உயர்ந்ததன்று. அன்று அவன் சிக்கினான், நான் சிக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அதன்பின் நாற்பது நாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. (அவன் இசைவு பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன்.)

கேலி எது? துன்புறுத்தல் எது?

நண்பர்களுக்குள் கேலி இல்லாத கல்லூரி உண்டா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கரிசல் காட்டு ஊர்களில் பட்டப்பெயர் இல்லாத மனிதரைக் காண்பது அரிது. அப்படியானால் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலறிஞர் டான் ஓல்வேயஸ் 1970களிலேயே இதை ஆராய்ந்தவர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் நார்வேயில் மாணவச் சிறுவர் மூவர் உயிரை மாய்த்துக்கொண்டதையடுத்து, 1983இல் அந்நாட்டு அரசு பள்ளிகளில் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அப்பணியில் அவர் பங்கு பெரிது. துன்புறுத்தல் என்பதற்கு அவர் மூன்று அடையாளங்களைக் கூறினார். நோகச் செய்யும் எண்ணம் இருத்தல். அது திரும்பத் திரும்ப நிகழ்தல். தாக்குவோருக்கும் தாக்கப்படுவோருக்கும் இடையே வலிமை சமமாக இல்லாதிருத்தல் என்பனவே அவை.

சாவடியில் இருவர் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிச் சிரித்துக்கொள்வதில் வலிமை சமமாக இருக்கிறது. இவர் சொன்னால் அவர் திருப்பிச் சொல்வார். அறுபது பேர் ஒரு பக்கமும் ஒருவன் மறு பக்கமும் நின்றால் அது கேலியன்று.

மொட்டைக் கடுதாசியும் கைப்பேசியும்

ஊரில் ஒருவர் பெயரைக் கெடுக்க முற்காலத்தில் மொட்டைக் கடுதாசி எழுதினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் கரியால் கிறுக்கினார்கள். கடுதாசியைக் கிழித்துவிடலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். மாலையில் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் கேலி வாசலோடு நின்றுவிடும். கைப்பேசிக் கேலி தலையணைக்கு அடியிலும் வந்து படுத்துக்கொள்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒருவர் ஒரு படத்தை ஐவருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஐவருக்கு அனுப்புகின்றனர் என்று கொள்வோம். இது பெருக்குத் தொடர். 5, 25, 125, 625, 3125 என ஐந்தே படிகளில் மொத்தம் 3905 பேரை அப்படம் அடைந்துவிடும். நம் பக்கத்துச் சிற்றூர் பலவற்றின் மக்கள் தொகையைவிட இது அதிகம். 2018ஆம் ஆண்டு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. ஆனால் அந்த ஐந்தில் ஒவ்வொன்றும் நூறு பேர் கொண்ட குழுவாக இருக்கலாம் அல்லவா?

எனவே 'நான் ஒரு முறைதானே அனுப்பினேன்' என்ற வாதம் இங்கே செல்லாது. ஓல்வேயஸ் கூறிய 'திரும்பத் திரும்ப' என்னும் அடையாளத்தைக் கைப்பேசி தானே நிறைவேற்றிவிடுகிறது. அனுப்பியவர் மறந்துவிடுவார், படம் மறப்பதில்லை.

முகம் பார்த்துச் சொல்லத் தயங்கும் சொல்லைத் திரைக்குப் பின்னாலிருந்து மனிதன் எளிதில் சொல்லிவிடுகிறான் என்பதையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க உளவியலறிஞர் ஜான் சூலர் 2004இல் இதை 'இணையவழித் தடை நீக்கம்' என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினார். பெயர் தெரியாமை, முகம் காணாமை, உடனே எதிர்வினை வராமை ஆகியவை நம் கூச்சத்தைக் கழற்றிவிடுகின்றன. என் நண்பனின் கண் கலங்கியதை நேரில் கண்டிருந்தால் நான் அப்படத்தை அனுப்பியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனச்சோர்வு என்பது யாது?

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வருந்துவதும், இறப்பு நேர்ந்தால் அழுவதும் இயல்பு. அவை மனச்சோர்வு நோய் ஆகா. மருத்துவர் கூறும் மனச்சோர்வுக்கு எல்லை உண்டு. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாள்களில், மனம் கனத்துக் கிடப்பதும் எதிலும் நாட்டமின்மையும் அதன் முதன்மை அறிகுறிகள். அவற்றோடு உறக்கக் கேடு, களைப்பு, பசி மாற்றம், தன்னையே இழிவாக எண்ணுதல், கவனம் நிலைக்காமை, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவையும் சேரும். 2001இல் வெளியிடப்பட்ட ஒன்பது வினாப் பட்டியல் ஒன்று இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்கிறோம். இதில் கூடினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 கோடிப் பேர் இந்நோயால் அவதியுற்றனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபது பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் என்று காட்டியது. அவர்களுள் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்பது அவ்வாய்வு தந்த கவலைக்குரிய செய்தி. காய்ச்சல் வந்தால் ஊசி போடச் செல்லும் நாம், மனம் நொந்தால் மந்திரிக்கச் செல்கிறோம். அல்லது 'சோம்பேறிப் பயல்' என்று ஏசிவிட்டு விட்டுவிடுகிறோம்.

ஒட்டுறவா? காரணமா?

இரண்டு மாறிகள் சேர்ந்து கூடினால் அவற்றிடையே ஒட்டுறவு உண்டு என்று புள்ளியியல் துணைப்பாடத்தில் படிக்கிறோம். ஒட்டுறவு உள்ளதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்றும் படிக்கிறோம். சித்திரை மாதத்தில் நுங்கு விற்பனை கூடுகிறது, கிணறுகளும் வற்றுகின்றன. நுங்கு தின்றதால் கிணறு வற்றிற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டுக்கும் காரணம் வெயில்.

இந்தக் கண்ணோடு நம் பொருளைப் பார்த்தால் மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, துன்புறுத்தல் மனச்சோர்வை உண்டாக்கலாம். இரண்டு, முன்பே மனம் சோர்ந்து ஒதுங்கியிருப்பவரைத் தேடித் துன்புறுத்துவோர் வரலாம். மூன்று, வறுமை, குடும்பச் சிக்கல் போன்ற வேறொன்று இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் ஷென்க், ஃப்ரீமௌ ஆகிய இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு கல்லூரி மாணவர் 799 பேரைக் கொண்டது. அவர்களுள் நூற்றுக்கு 8.6 பேர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர். அதற்கு ஆளாகாதவர்களைவிட அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்திருந்தன. எனினும் இஃது ஒரே வேளையில் எடுத்த கணக்கு; ஒட்டுறவை மட்டுமே காட்டும்.

ஸ்பெயின் நாட்டில் காமேஸ்-குவாதிக்ஸ் முதலியோர் 845 வளரிளம் பருவத்தினரை ஆறு மாத இடைவெளியில் இருமுறை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். முதலில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம் பின்னர் மனச்சோர்வு கூடியிருந்தது. முதலில் மனச்சோர்வு இருந்தவர்கள் பின்னர்த் துன்புறுத்தலுக்கு ஆளாவதும் கூடியிருந்தது. அதாவது இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. செக்கு மாடு சுற்றுவது போன்ற சுழற்சி இது.

ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸ் பகுதியிலுள்ள சுவான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் ஜான் முதலியோர், 30 நாடுகளில் 25 வயதுக்குட்பட்ட ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டனர். இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானோர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் உயிரை மாய்க்க முயல்வதும் மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம் என அத்தொகுப்பு காட்டியது. துன்புறுத்தியவர்களும் முற்றிலும் தப்பவில்லை. அவர்களிடமும் அத்தகைய எண்ணங்கள் சற்றுக் கூடுதலாகவே காணப்பட்டன. கல்லெறிந்தவன் கையும் நோகிறது.

திரையில் பட்ட அடி வலிக்குமா?

'போனில் வந்ததற்கெல்லாம் போய் மனம் உடைவதா?' என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. இதற்கு ஓர் எளிய சோதனை விடை தருகிறது. உளவியலறிஞர் கிப்ளிங் வில்லியம்ஸ் கணினியில் ஒரு பந்து விளையாட்டை அமைத்தார். திரையில் மூவர் பந்தை எறிந்து விளையாடுவர். சற்று நேரத்தில் மற்ற இருவரும் தமக்குள்ளேயே எறிந்துகொண்டு மூன்றாமவரை விட்டுவிடுவர். அவ்விருவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு வெளியான அச்சோதனையில் 62 நாடுகளைச் சேர்ந்த 1486 பேர் இணையவழியே கலந்துகொண்டனர். ஒதுக்கப்பட்டவர்கள், முகம் அறியாத அயலாரால் ஒதுக்கப்பட்டபோதும் மனம் வருந்தினர். 2003இல் இதே விளையாட்டைக் காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் வைத்து நடத்தியபோது, உடல் வலியின் துன்பத்தை உணரும்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்று அப்போதும் இயங்குவதை ஐசன்பெர்கர் முதலியோர் கண்டனர்.

முகம் தெரியாதவர் பந்து எறியாமல் விட்டதற்கே மனம் வலிக்குமானால், ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் அறுபது பேர் சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும்?

சேலம் தரும் பாடம்

நம் மாநிலத்திலேயே இதற்குக் கண்ணீரோடு நினைக்கத்தக்க எடுத்துக்காட்டு உண்டு. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் பி.எஸ்ஸி. முடித்த இளம்பெண் ஒருவரின் முகத்தை வேறு ஆபாசப் படத்தோடு ஒட்டி யாரோ முகநூலில் வெளியிட்டனர். குடும்பத்தினர் காவல் துறையிடம் முறையிட்டனர். நடவடிக்கை உடனே வரவில்லை. படம் மீண்டும் வெளியாயிற்று. சில நாள்களில் அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே குற்றவாளி கைது செய்யப்பட்டான். புகாரை விசாரிக்கக் கையூட்டுக் கேட்டதாகக் காவலர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது; மாவட்டக் காவல் துறை வருத்தம் தெரிவித்தது. தன்னைப் பெற்றோரே நம்பவில்லையே என்ற வேதனையை அப்பெண் விட்டுச்சென்ற கடிதம் காட்டியதாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின.

அந்த ஒரு வரியில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. படம் பொய் என்பதை மெய்ப்பித்துவிடலாம். 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று வீட்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டால் அதற்கு என்ன மெய்ப்பு காட்டுவது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 1,416 பேர் தமிழ்நாட்டினர். இவை அனைத்துக்கும் கைப்பேசியே காரணம் என்று சொல்வது தவறாகும். தேர்வு, குடும்பம், கடன், காதல், நோய் எனப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒன்றல்ல, பல சேர்ந்தே ஒருவரை அந்த விளிம்புக்குத் தள்ளுகின்றன. ஆயினும் நம் கையால் நிறுத்தக்கூடிய காரணம் எது என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கிறது. மழையை நாம் பெய்விக்க முடியாது. ஒரு படத்தை அனுப்பாமல் இருக்க முடியும்.

நம் பகுதியில் வாய் திறக்க ஏன் தயக்கம்?

நம் கல்லூரியில் பயில்வோருள் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அதனால் நமக்குக் கூடுதலாகச் சில இடர்கள் உள்ளன.

முதலாவது, வீட்டில் சொன்னால் புரிவதில்லை. ஸ்டிக்கர் என்றால் என்ன, ஸ்டேட்டஸ் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். என் நண்பன் கல்லூரிக்குப் போகாமல் கிடந்தபோது அவன் தந்தை, மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது, பெண்கள் நிலை. ஒரு மாணவி தனக்கு ஆபாசச் செய்தி வருகிறதென்று வீட்டில் சொன்னால், முதலில் பறிபோவது அவள் கைப்பேசி. அடுத்தது அவள் படிப்பு. அதற்கடுத்து மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவர். தவறு செய்தவன் வகுப்பில் இருப்பான். துன்பப்பட்டவள் வீட்டில் இருப்பாள். இதை அறிந்தே பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கின்றனர். இதை அறிந்தே துன்புறுத்துவோரும் துணிகின்றனர்.

மூன்றாவது, மொழியும் சாதியும் ஊரும். நம்மவர் கேலிகளை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் வராமை, கருத்த நிறம், பேச்சு வழக்கு, தந்தையின் தொழில் ஆகியவையே பெரும்பாலும் கேலிக்குப் பொருள். சாதிப் பெருமைப் பாட்டை ஸ்டேட்டஸில் வைத்துப் பக்கத்து இருக்கைக்காரனைக் குத்துவதும் உண்டு. கல்வி நிலையங்களில் சாதி வேற்றுமையைக் களைவது குறித்து நீதியரசர் கே. சந்துரு குழு 2024இல் அரசிடம் அறிக்கை அளிக்க வேண்டிய நிலை தென்மாவட்ட நிகழ்ச்சிகளால்தான் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் என்ன கூறுகிறது?

1996ஆம் ஆண்டு நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், தமிழ்நாடு அரசு பகடிவதையைத் தடை செய்யும் சட்டத்தை 1997இல் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. 2016இல் அவ்விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி சாதி, நிறம், தோற்றம், பாலினம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டி ஒரு மாணவரை மனத்தளவில் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும்கூடப் பகடிவதையே. அம்மாணவர் புதியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2025இல், புதிய மாணவரைத் துன்புறுத்தும் வாட்ஸ்அப் குழுக்களையும் பகடிவதையாகவே கொள்ள வேண்டுமென அக்குழு கல்வி நிலையங்களுக்கு அறிவுறுத்தியது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஈ பிரிவு ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றி எடுப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில் படமெடுத்து மிரட்டிய கூட்டத்தினர் ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. துணிந்து சாட்சி சொன்ன பெண்களாலேயே அது இயன்றது.

நாம் செய்யத்தக்கவை

துன்பத்துக்கு ஆளானவர் முதலில் செய்யத்தக்கது, அழிக்காமல் இருப்பது. வந்த செய்தியைத் தேதியும் எண்ணும் தெரியுமாறு திரைப்படியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே அந்த எண்ணைத் தடை செய்ய வேண்டும். தேசியச் சைபர் குற்ற உதவி எண் 1930; இணையவழியாகவும் புகார் அளிக்கலாம். பெண்களுக்கு 181. பகடிவதைக்கு 1800-180-5522. அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சம் உள்ளவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்னும் பன்னாட்டு அமைப்பு 2021 முதல் உதவுகிறது. படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நம் கருவியிலேயே அப்படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் கணக்கிடப்பட்டு, அந்த எண் மட்டுமே அனுப்பப்படுகிறது. அவ்வமைப்பில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் தளங்களில் அதே அடையாளமுள்ள படம் ஏறினால் தடுக்கப்படும். கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போன்றது இது.

மனம் சோர்ந்திருப்போர் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநலச் சேவை இது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே செல்வது பைத்தியம் என்று முத்திரை குத்திக்கொள்வதாகாது. பல்வலிக்குப் பல் மருத்துவர், மனவலிக்கு மனநல மருத்துவர், அவ்வளவே.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று நாள் வராத மாணவனுக்கு வருகைப் பதிவேட்டில் குறி இடுவதோடு, அவன் ஏன் வரவில்லை என்று ஒரு முறை அழைத்துக் கேட்க வேண்டுகிறேன். குறிப்பாக மாணவியர் புகார் தரும்போது, அவர்கள் படிப்பு நிற்காது என்ற உறுதியை அவர்கள் வீட்டாரிடம் கல்லூரியே எடுத்துச் சொன்னால் எத்தனையோ பேர் வாய் திறப்பர்.

மாணவ நண்பர்களே! நமக்குரிய வேலை மிகச் சிறியது. படம் வந்தால் நம்மோடு நிறுத்துவது. குழுவில் 'போதும்' என்று ஒரு சொல் எழுதுவது. அதற்கும் துணிவில்லையெனில், துன்பப்படுபவருக்குத் தனியே 'சாப்பிட்டாயா?' என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புவது.

முடிவுரை

நாற்பதாம் நாள் நான் பேருந்து ஏறி என் நண்பன் ஊருக்குச் சென்றேன். அவன் தந்தையோடு விறகுக்கரி மூட்டத்தருகே அமர்ந்திருந்தான். "வாய்யா, உம்ம சேக்காளிக்குப் படிப்பு வேண்டாமாம். நீராவது கேளும்" என்றார் அவர். அவன் என்னைப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "எல்லாருந்தான் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சியேடா, அதான்" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மூன்று குழுக்களுக்கு அனுப்பியதையும் அவன் தந்தை முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இதுக்குத்தானா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தான்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் துணையோடு அவன் மருத்துவரைக் கண்டான். சில மாதம் மருந்தும் ஆலோசனையும் பெற்றான். வருகைக் குறைவுக்குத் தண்டம் கட்டித் தேர்வெழுதினான். முற்றும் தேறிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். கைப்பேசி ஒலித்தால் இன்றும் அவன் முகம் ஒரு கணம் மாறுகிறது. ஆனால் இந்தப் பருவக் கருத்தரங்கில் அவன் மீண்டும் கரும்பலகை முன் நின்றான். 'தியரம்' என்ற சொல் வந்த இடத்தில் சற்றே நிறுத்தி, 'தேற்றம்' என்று தமிழிலேயே சொல்லித் தொடர்ந்தான். வகுப்பில் ஒரு கைப்பேசிகூட உயரவில்லை.

கோடையில் கரிசல் நிலம் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். புல் மூடிய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அறிந்தவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் உள்ளத்தில் எங்கே வெடிப்பு இருக்கிறதென்று நமக்கும் தெரியாது. ஆகவே, அனுப்பும் பொத்தானில் விரல் வைக்குமுன் ஒரு கணம் நின்று எண்ணுவோமாக. பட்டம் பெறுவதற்கு முன்பே நாம் கற்றுத் தேற வேண்டிய பாடம் இஃது ஒன்றேயாகும்.